சேவகனுக்கு என்ன சம்பளம்?

கடவுளைப் பிள்ளையாகவும் தோழனாகவும் வேலைக்காரனாகவும் வீட்டுக்குள் அழைத்து வந்தது தமிழ்க் கவிதை. வேலைக்காரனாக வந்த கடவுளுக்குக் கூலி உண்டா? வீட்டு வேலைக்காரர்களை நம்பி வாழும் தலைநகரில் அந்தப் பழைய கேள்விக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

சாணக்யபுரியின் சாலைகளுக்கு நற்குணங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அமைதிக்கு சாந்தி பாத். உண்மைக்கு சத்ய மார்க். நீதிக்கு நியாய மார்க். பணிவுக்கு வினய் மார்க். வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென்றே 1950-களில் நேருவின் அரசு உருவாக்கிய இந்தப் பகுதிக்கும் தில்லியின் நெரிசலுக்கும் சம்பந்தமில்லை. அகலமான சாலைகள், நிழல் தரும் மரங்கள், உயர்ந்த மதில்கள். வாசலில் ஒரு நாட்டின் கொடி, கொடிக்குக் கீழே துப்பாக்கி ஏந்திய காவலர். விருந்தில் யார் முதலில் நுழைவது, யார் யாருக்கு அருகே உட்காருவது, யார் முதலில் கை நீட்டுவது என்று இங்கே எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

அந்த விதிகள் முன்வாசலுக்குத்தான். பங்களாக்களின் பின்புறம் இன்னொரு வாசல் இருக்கிறது. அதை ஒட்டி வரிசையாகச் சின்ன அறைகள். 'சர்வன்ட் குவார்ட்டர்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் தில்லியின் எல்லா மொழிகளிலும் கலந்துவிட்டது. சமையல்காரரும் ஆயாவும் தோட்டக்காரரும் டிரைவரும் அங்கிருந்துதான் காலையில் வீட்டுக்குள் வருகிறார்கள். அந்த வாசலில் வரவேற்பு மரியாதை ஏதும் இல்லை. எந்தக் குழந்தைக்கு இரவில் காய்ச்சல், எந்த அறையில் சண்டை என்பதெல்லாம் முதலில் தெரிவது அந்த வாசல் வழியாக வருகிறவர்களுக்குத்தான்.

கடவுள் ஒரு வீட்டுக்கு வருவதாக இருந்தால் எந்த வாசலில் வந்து நிற்பார்? ராஜ மரியாதையுடன் முன்வாசலில் வரும் தெய்வங்களுக்கு நம் இலக்கியத்தில் குறைவில்லை. சுப்பிரமணிய பாரதி அவனைப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் சிபாரிசுக் கடிதம் கிடையாது. ஊர் பேர் தெரியாது. வேலை கேட்டு வந்திருக்கிறான்.

வேலைக்கு வந்த கண்ணன்

பிரிட்டிஷ் போலீசின் பிடிக்குத் தப்பி 1908-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போன பாரதி, பத்து ஆண்டுகள் அங்கே கழித்தார். அவருடைய மிகச் சிறந்த படைப்புகள் பலவும் அந்த வறுமைக் காலத்தில் பிறந்தவை. அவற்றில் ஒன்று 'கண்ணன் பாட்டு'. 1917-ல் பரலி சு. நெல்லையப்பர் அதைச் சென்னையில் பதிப்பித்தார்.

மொத்தம் இருபத்து மூன்று பாட்டுகள். ஒவ்வொன்றிலும் கண்ணன் ஓர் உறவாக வருகிறான். முதலில் தோழன். பிறகு தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன், குரு. இடையில் கண்ணன் கண்ணம்மா என்னும் பெண் குழந்தையாகிறான். தெருப் பெண்களை ஓயாமல் சீண்டும் விளையாட்டுப் பிள்ளையாகிறான். காதலனாகவும் காதலியாகவும் மாறுகிறான். கடைசியில் ஆண்டான், குலதெய்வம். ஒரு மனிதனின் வாழ்க்கையில் எத்தனை உறவுகள் சாத்தியமோ அத்தனையிலும் கடவுளை வைத்துப் பார்க்கும் முயற்சி இது.

நான்காவதாக வரும் சேவகன் பாட்டு, கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு வேலைக்காரர்களைப் பற்றிப் புலம்புகிறது. எவ்வளவு கொடுத்தாலும் கூடுதல் கூலி கேட்கிறார்கள். வேலை குவியும் நாளாகப் பார்த்து வராமல் இருந்துவிடுகிறார்கள். ஏன் வரவில்லை என்றால் தேள் கடித்தது, பெண்டாட்டியைப் பேய் பிடித்தது, பாட்டி செத்துப் பன்னிரண்டாம் நாள் என்று ஒரு கதை. வீட்டு ரகசியம் தெருவுக்குப் போகிறது. வீட்டில் ஒரு பொருள் இல்லையென்றால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. சரி, ஆள் வேண்டாம் என்று விடலாமா? அதுவும் முடியாது. இன்று சாணக்யபுரியின் எந்த வரவேற்பறையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பாட்டி செத்த காரணத்துக்குப் பதிலாகச் செல்போன் சார்ஜ் தீர்ந்த காரணம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் ஒருவன் வந்து நிற்கிறான். இடைச் சாதி என்கிறான். கன்று மேய்ப்பேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன், வீடு பெருக்குவேன், விளக்கேற்றுவேன், துணிமணிகளைக் காப்பேன், ராத்திரியானாலும் காடானாலும் கூடவே துணைக்கு வருவேன் என்று அடுக்குகிறான். படிப்பில்லை, ஆனால் சிலம்பமும் குத்துச்சண்டையும் தெரியும். பெயர் கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை, கண்ணன் என்று கூப்பிடுவார்கள் என்கிறான்.

அடுத்து எந்த எஜமானரும் கேட்கும் கேள்விதான். என்ன சம்பளம் எதிர்பார்க்கிறாய்? தான் தனிக்கட்டை, பெண்டாட்டி பிள்ளை கிடையாது, அன்பாக வைத்துக்கொண்டால் போதும், காசு பெரிதில்லை என்பது அவன் பதில். சரியான பைத்தியக்காரன் என்று எண்ணிக்கொண்டு எஜமானர் அவனை வேலைக்கு வைத்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு வீடு மாறுகிறது. தெரு பெருக்குவது முதல் மோர் வாங்கி வருவது வரை எல்லாம் நடக்கிறது. குழந்தைகளுக்கு அவன் வாத்தியார், செவிலி, வைத்தியன். எஜமானருக்குத் தோழன், மந்திரி, ஆசிரியன். பார்ப்பதற்கு வேலைக்காரன், குணத்தில் கடவுள். அவன் காலடி வைத்த நாள் முதல் செல்வமும் புகழும் கவிதையும் ஞானமும் தன்னிடம் பெருகுவதாகச் சொல்லி எஜமானர் நெகிழ்ந்து போகிறார்.

பாட்டில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. சங்கு சக்கரத்தோடு யாரும் தோன்றவில்லை. பெருக்கிய தெருவும் கழுவிய வீடும் தூங்கிய குழந்தையும்தான் அற்புதம். முதல் வரியில் எரிச்சலோடு பேச ஆரம்பித்த மனிதர், கடைசி வரிக்கு வரும்போது கையெடுத்துக் கும்பிடுகிறார். வேலைக்காரன் பாட்டு முழுக்க அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். மாறியது எஜமானரின் பார்வை.

குளிக்க அடம் பிடிக்கும் தெய்வம்

கடவுளை வீட்டு ஆளாக்கும் துணிச்சல் பாரதிக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த பெரியாழ்வார், யசோதையின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு கண்ணனை வளர்த்தார். நிலாவைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டினார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கெஞ்சினார். தலை வாரக் காக்கையை உதவிக்கு அழைத்தார். காது குத்த ஆசை காட்டினார். கண்ணேறு படாமல் காப்பிட்டார். அண்டை வீட்டுப் பெண்கள் வெண்ணெய் போச்சு, நெய் போச்சு என்று புகார் சொல்ல வந்தபோது தாயின் சங்கடத்தையும் பாடினார். பிள்ளை வளர்த்த எந்தப் பெண்ணுக்கும் இதற்கு உரை தேவையில்லை.

அந்த வழியில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு தனி இலக்கிய வகையே உருவானது. தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, முத்தம் கேட்பது, தளர்நடை நடந்து வருவது என்று குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடியது அவற்றில் மிகப் புகழ் பெற்றது. அரங்கேற்றத்தின்போது மீனாட்சியே சிறுமியாக வந்து திருமலை நாயக்கர் மடியில் உட்கார்ந்து கேட்டதாக ஐதீகம். இந்த வகையில் மதப் பாகுபாடும் நிற்கவில்லை. 1833-ல் செய்யிது அனபியா புலவர் நபிகள் நாயகத்துக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். 1985-ல் அருள் செல்லத்துரையின் இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் வந்தது. கடவுளையோ இறைத்தூதரையோ வணங்கும் முறை வேறுபடலாம். பிள்ளையைக் கொஞ்சும் முறை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

தில்லித் தமிழர்களும் இதற்கு விலக்கில்லை. சாணக்யபுரியை அடுத்த ராமகிருஷ்ணபுரத்தின் குன்றில் அவர்கள் கோயில் எழுப்ப முனைந்தபோது தேர்ந்தெடுத்தது சுவாமிமலை முருகனை. தகப்பனுக்கே பாடம் சொன்ன சின்னப் பையன் அவன். 1973-ல் குடமுழுக்கு நடந்த அந்த உத்தர சுவாமிமலையை 'மலை மந்திர்' என்று தலைநகரமே அறியும்.

பிள்ளையாக வந்தவனைத் தோழனாகவும் ஆக்கினார்கள். சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். பொன் வேண்டும் என்று சிவனிடம் கேட்டார். கிடைத்த நெல்லைத் தூக்கிவர ஆளும் கேட்டார். திருவாரூரில் பரவையார் கோபித்துக்கொண்டு கதவடைத்தபோது, நீயே போய்ச் சமாதானம் பேசிவிட்டு வா என்று சிவனை நடுராத்திரியில் தூது அனுப்பினார். முதல் தடவை போன சிவனுக்குக் காரியம் பலிக்கவில்லை. இரண்டாவது தடவையும் நடக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரியில் நினைத்துப் பார்க்கத்தக்க சம்பவம். ஒரு மனிதனின் குடும்பச் சண்டைக்குக் கடவுள் தூதரானார். முதல் பேச்சுவார்த்தை தோற்றுப் போனது.

பிள்ளையைக் கொஞ்சுவதில் செலவில்லை. நண்பனை ஏவுவதிலும் குற்றமில்லை. கடவுள் கூலிக்காரனாக வரும்போதுதான் கணக்கு வழக்கு ஆரம்பமாகிறது.

வைகைக் கரையில் விழுந்த அடி

சாணக்யபுரியின் கௌடில்ய மார்க்கில் தமிழ்நாடு அரசின் இல்லத்துக்கு இடம் உண்டு. அதன் பெயர் வைகை. திகேந்திரஜித் மார்க்கில் இருக்கும் இன்னொரு இல்லத்தின் பெயர் பொதிகை. தமிழ்நாட்டு அமைச்சர்களும் அதிகாரிகளும் தலைநகருக்கு வந்தால் தங்குவதற்காக ஏற்பட்ட இல்லங்கள் இவை. வைகை என்ற பெயரைக் கேட்டால் மதுரைக்காரர்களுக்குக் கூலிக்கு மண் சுமந்த ஒருவரின் நினைவும் வரும்.

வைகையில் வெள்ளம். கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்து நிற்கிறார் சிவன். கூலி என்ன என்று முதலிலேயே பேசி முடிவாகிறது. அவிக்கும்போது உதிர்ந்த பிட்டு. முன்பணம் போல அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் மண்ணைக் கொஞ்சம் சுமக்கிறார், ஆடுகிறார், பாடுகிறார், தூங்குகிறார். வந்தியின் பங்குக் கரை அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் முதுகில் ஓங்கி அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் மந்திரி முதுகிலும் பிறந்த குழந்தை முதுகிலும் விழுகிறது.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடிய இந்தக் கதை, ஆவணி மாதத்தில் பிட்டுத் திருவிழாவாக மதுரையில் ஆண்டுதோறும் நடக்கிறது. மாணிக்கவாசகரின் பெருமையைச் சொல்ல வந்த கதை இது. ஆனால் ஒரு கூலிக்காரனின் கதையாகவும் அதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். வாழ வழியற்ற கிழவியும் கூலி கொடுக்காமல் வேலை வாங்கவில்லை. உழைக்கிறவன் முதுகில் விழும் அடிக்கு யாரும் தப்ப முடியாது.

மிதிலையின் உக்னா, பண்டரியின் ஜனாபாய்

வேலைக்காரனாக வந்த கடவுள் தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. தலைநகரின் சமையலறைகளுக்கு ஏராளமானோரை அனுப்பும் பீகாரில், மிதிலைப் பகுதியில், உக்னாவைத் தெரியாதவர்கள் குறைவு. பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மைதிலிக் கவிஞர் வித்யாபதியின் வீட்டுக்கு வேலை கேட்டு வந்த பையன் அவன். ஒருநாள் வெயிலில் நடந்துபோன கவிஞருக்குத் தாகம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் இல்லை. உக்னா எங்கிருந்தோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்துப் பார்த்தால் கங்கை. வந்திருப்பது சிவன் என்று கவிஞருக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டு அவன் வேலையில் தொடர்ந்தான். பின்னொரு நாள் வேலை தாமதமாயிற்று என்று கவிஞரின் மனைவி எரியும் கட்டையால் அவனை அடிக்கப் போனாள். பதறிய கவிஞர் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த நொடியில் உக்னா மறைந்தான். அவனைத் தேடி வித்யாபதி அழுது திரிந்ததாகச் சொல்கிறது மிதிலை. மதுபனி மாவட்டத்தின் பவானிப்பூரில் உக்னா மகாதேவ் என்று கோயிலே இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் பைட்டண் நகரத்தில் பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஏக்நாத்தின் வீட்டில், ஸ்ரீகண்டியா என்ற பெயரில் கிருஷ்ணன் பன்னிரண்டு ஆண்டுகள் தண்ணீர் சுமந்ததாக ஐதீகம். அவன் நிரப்பிய தொட்டி என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள்.

மதுரை, மிதிலை, பைட்டண், புதுச்சேரி. இந்த நான்கு கதைகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவற்றைச் சொன்னவர்கள் வேலை வாங்குகிற பக்கத்தில் இருந்தவர்கள், அல்லது வெளியே நின்று பார்த்தவர்கள். வேலைக்காரரே கவிதை எழுதினால் கடவுள் எப்படி வருவார்?

அதற்கும் மகாராஷ்டிரத்தில் விடை இருக்கிறது. பண்டரிபுரத்தில் கவிஞர் நாம்தேவின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர் ஜனாபாய். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுக் காலத்தவர். முந்நூறுக்கும் மேற்பட்ட அபங்கப் பாடல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. நாம்தேவின் தாசி ஜனி என்று பாட்டிலேயே தன்னை அடையாளம் சொல்லிக்கொள்கிறார். அவருடைய விட்டலன் கூட உட்கார்ந்து திரிகையைச் சுற்றுகிறான். குப்பை வாருகிறான். தண்ணீர் இறைக்கிறான். சிடுக்குப் பிடித்த கூந்தலில் பேன் பார்க்கிறான். ஜனாபாய் அரைத்த திரிகை என்று பண்டரிபுரத்தை அடுத்த கோபாலபுரத்தில் ஒரு கல்லை இன்றும் பக்தர்கள் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

பாரதியின் எஜமானர் வேலைக்காரனிடம் கடவுளைக் கண்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வேலைக்காரி கடவுளிடம் கண்டது சக தொழிலாளியை. எஜமானர் வீட்டுக்கு வந்த கடவுள் எஜமானரின் பாரத்தைக் குறைத்தான். ஜனாபாயிடம் வந்த கடவுள், யாரும் பங்கு போட்டுக்கொள்ள முன்வராத வேலையில் பாதியை எடுத்துக்கொண்டான்.

நியாய மார்க்கில் ஒரு கூலித் தகராறு

சாணக்யபுரியில் கூலிப் பிரச்சினை நாடறிய வெடித்த சந்தர்ப்பமும் உண்டு. 2013 டிசம்பர் 12-ந் தேதி நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இந்தியாவிலிருந்து அழைத்துப்போன வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் சம்பளத்தைப் பற்றிப் பொய்த் தகவல் கொடுத்ததாகவும் குறைந்த கூலி கொடுத்ததாகவும் குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். கைது செய்து நடத்திய விதத்தால் நாடு கொதித்தது. ஐந்து நாள் கழித்து, சாணக்யபுரி அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே நியாய மார்க்கில் பாதுகாப்புக்காக வைத்திருந்த கான்கிரீட் தடுப்புகளை அகற்றினார்கள். தூதரகப் பாதுகாப்புரிமையுடன் அந்த அதிகாரி 2014 ஜனவரியில் நாடு திரும்பினார். இரு நாடுகளின் மானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. ஒரு பணிப்பெண்ணுக்கு நியாயமான கூலி எவ்வளவு என்ற விவாதம் அந்தச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

அதே சாணக்யபுரியில்தான் விவேகானந்தா கேம்ப், சஞ்சய் கேம்ப் என்ற குடிசைப் பகுதிகளும் இருக்கின்றன. 2024 கோடையில் தில்லி தண்ணீருக்குத் தவித்தபோது, இங்கே தண்ணீர் லாரியின் மேல் ஏறிக் குழாயைச் செருகிப் பிளாஸ்டிக் குடங்களை நிரப்பிய மக்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கொஞ்ச தூரத்தில் தூதரகங்களின் புல்வெளிகள். உக்னாவின் செம்பு அன்றைக்கு இங்கே தேவைப்பட்டிருக்கும்.

தில்லியில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் தமிழர்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. பிழைப்புத் தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரமாகப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. அந்த இடத்துக்கு 'மதராசி கேம்ப்' என்றே பெயர். சுற்றியிருந்த காலனிகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, பிள்ளை பார்த்துப் பெண்கள் குடும்பம் நடத்தினார்கள். தில்லி உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ந் தேதி அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 370 வீடுகள். தகுதி உள்ளவர்கள் என்று முடிவானவர்களுக்கு நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. அது நகரத்தின் வடகோடி. வேலை செய்த வீடுகளிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

வீட்டுத் தொழிலாளர் உரிமைக்கான 189-வது உடன்படிக்கையை உலகத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஏற்புறுதி மட்டும் செய்யவில்லை. இவர்களுக்கென்று தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பாட்டுக்குள்ளேயே பதில்

அப்படியானால் பாரதியின் சேவகன் பாட்டு எஜமானர்களுக்குச் சாதகமான கனவா? அன்பாக இருந்தால் போதும், காசு வேண்டாம் என்று சொல்லும் ஆள் யாருக்குத்தான் கசக்கும்? பாட்டை அப்படிப் படித்துச் சௌகரியப்பட்டுக்கொள்வது எளிது.

அந்தச் சௌகரியத்தைப் பாரதி அதே புத்தகத்தில் கலைத்துவிடுகிறார். இருபத்திரண்டாவது பாட்டில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே கண்ணன் ஆண்டான், பண்ணையார். பேசுகிறவன் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஏழைப் பண்ணையாள். வயல் காப்பேன், மாடு மேய்ப்பேன், தோட்டம் கொத்துவேன், தப்புச் செய்தால் கட்டிவைத்து அடிக்கலாம் என்று அவனும் வேலைகளை அடுக்குகிறான். கண்ணன் சொன்னதுபோல் சம்பளம் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் குடிக்கக் கஞ்சி வேண்டும், மானத்தை மறைக்கத் துணி வேண்டும் என்று நேராகவே கேட்கிறான்.

இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாரதியின் கணக்கு விளங்கும். கூலி வேண்டாம் என்று சொல்லும் கண்ணன், தனக்குக் குடும்பம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறான். கடவுளுக்குத்தான் அது கட்டுப்படியாகும். மனிதன் சேவகனாக வந்தால் அவனுக்குப் பின்னால் ஒரு அடுப்பும் நாலு வயிறும் இருக்கும். எஜமானரிடம் பாரதி எதிர்பார்த்த பக்திக்கு அந்த அடுப்பைப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

இந்த மனிதச் சேவகனைச் சினிமாவும் கண்டுகொண்டது. 1960-ல் வந்த 'படிக்காத மேதை' படத்தில், பாரதியின் சேவகன் பாட்டைச் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் கே.வி. மகாதேவன் ஒலிக்க வைத்தார். ரங்காராவ் நடித்த பெரியவர், வீட்டை விட்டுப் போன ரங்கனை நினைத்து உருகும் காட்சி. சிவாஜி நடித்த அந்த ரங்கன் கடவுள் இல்லை. எழுத்தறிவில்லாத, வெள்ளை மனசுள்ள ஒரு மனிதன். அந்தக் காட்சியில் அழுத தலைமுறை, பாட்டு கடவுளைப் பற்றியது என்பதை மறந்தே கேட்டது. பாரதிக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

சாணக்யபுரிக்கு யார் பெயரோ அவரிடமும் இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. சாணக்கியர் என்ற கௌடில்யரின் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்து அதை 1909-ல் ஆர். சாமசாஸ்திரி பதிப்பித்தார். பாரதி புதுச்சேரியில் இருந்த காலம் அது. அந்த நூலின் மூன்றாம் பகுதி வேலையாட்களைப் பற்றிப் பேசுகிறது. வேலைக்கு வைத்துக்கொள்வது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேசிய கூலியைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவருக்கு அபராதம்.

கூலி பேசாமலே ஒருவனை வேலைக்கு வைத்துக்கொண்டால்? அதற்கும் விதி எழுதியிருக்கிறது. உழவனுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. வியாபாரம் பார்ப்பவனுக்குச் சரக்கில் பத்தில் ஒரு பங்கு. மாடு மேய்க்கும் இடையனுக்கு நெய்யில் பத்தில் ஒரு பங்கு.

பாரதி வீட்டுக்கு வந்தவன் இடையன். கூலி பேசவில்லை. சாணக்கியரின் சட்டப்படி அவனுக்கு நெய் பாக்கி இருக்கிறது. ஆய்ப்பாடியில் வீடு வீடாகப் புகுந்து நெய்யும் வெண்ணெயும் எடுத்துத் தின்றவனைத் திருடன் என்று பெரியாழ்வார் காலத்துப் பெண்கள் புகார் சொன்னார்கள். அவன் சம்பள பாக்கியை வசூல் செய்துகொண்டிருந்தானோ என்னவோ.